அறுக்காமல் விட்ட கரை

ஜவ்வாது மலை என்றதும் சந்தனமும் சாமையும் தேனும் நினைவுக்கு வரும். காவலூர்த் தொலைநோக்கி வரும். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆனால் வடாற்காட்டுச் சமவெளியின் ஆறுகளை வரைபடத்தில் தொட்டுக்கொண்டே மேலே போனால் விரல் பல தடவை இந்த மலையில்தான் வந்து நிற்கும். செய்யாறு இங்கே பிறக்கிறது. கமண்டல நாகநதியும் மிருகண்டா நதியும் கிழக்குச் சரிவில் இறங்குகின்றன. அகரம் ஆறு பாலாற்றைத் தேடிப் போகிறது. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. பாலாற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் தாம்பரம், பல்லாவரம் பக்கத்து வீடுகளுக்கு நெடுங்காலமாகக் குடிநீர் போயிருக்கிறது. மலைமேல் ஓர் ஓடையின் கரையை எப்படி வைத்துக்கொள்கிறோம் என்பது மலையோடு முடிந்துபோகிற சங்கதி அல்ல.

இந்த முறை நான் அங்கே போனது கரைகளைப் பார்க்கத்தான். உடன் வந்தவர் பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்தரையைக் கவனித்துக்கொள்பவர். சொந்த ஊர் திருப்பத்தூர். அவருக்குத் தெரிந்த ஒருவர் ஆலங்காயம் பக்கம் மலையடிவாரத்தில் தங்கும் விடுதி கட்டுகிறார். இடத்தின் ஒரு பக்கம் ஓடை, நடுவில் புதிதாக வெட்டிய குட்டை, சுற்றிலும் லான், ஒரு மூலையில் பந்தைக் குழியில் தள்ளி விளையாட ஒரு சின்ன ‘கிரீன்’. “புல்லு எப்படிப் போடறதுன்னு ஒருதரம் வந்து சொல்லிட்டுப் போங்கண்ணே” என்று கூப்பிட்டிருந்தார். நேராக ஆலங்காயத்துக்கே போயிருக்கலாம். “மேல தண்ணி எப்படி வருதுன்னு பாக்காம கீழ புல்லு போடக் கூடாது தம்பி” என்றார் உடன் வந்த அண்ணன். அதனால் போளூரிலிருந்து ஏறி, ஜமுனாமரத்தூரில் தங்கி, காவலூர் வழியாக மறுபக்கம் இறங்குவது என்று முடிவாயிற்று.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்து வெளுத்திருந்தது. மலைச்சாலையின் ஓரக் கால்வாயில் தண்ணீர் எங்களுக்கு எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு அதன் நிறம் மாறுவதை அண்ணன் பேருந்து ஜன்னல் வழியே காட்டினார். மரம் அடர்ந்த சரிவுக்குக் கீழே தெளிந்த நீர். சாலைக்காக மண்ணைச் சீவிய இடத்துக்குக் கீழே காவி. இரண்டுக்கும் நடுவே நூறடி தூரம்கூட இல்லை. இரண்டு இடத்திலும் பெய்தது ஒரே மழை.

ஜமுனாமரத்தூருக்கு முன்னாலேயே இறங்கிக் கொஞ்சம் நடந்தோம். ஒரு கொல்லையில் சாமை கதிர் சாய்ந்து அறுப்பு நடந்துகொண்டிருந்தது. சரிவான நிலம், அடியில் ஓடை. கொல்லைக்கும் ஓடைக்கும் இடையில் எட்டு, பத்தடி அகலத்துக்கு அறுக்காத புல்லும் நொச்சிப் புதரும் நீளமாக நின்றன. அதையும் சேர்த்து உழுதிருந்தால் இன்னும் ஒரு மரக்கால் சாமை கிடைத்திருக்கும். அறுத்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் கேட்டேன். அவர் அரிவாளை நிறுத்தவில்லை.

“அத உட்டுத்தான் வெக்கணும் சாமி. அதையும் உழுதா மண்ணு எறங்கி ஓடைக்குப் போயிடும். மாட்டுக்குப் புல்லும் ஆவுதில்ல?”

அண்ணன் அந்தப் புல்லுக்குள் இறங்கி, மேல் விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். தண்டுகளுக்கு மேற்புறம் மழை கொண்டுவந்த வண்டல் ஒரு விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. கீழ்ப்புறம் மண் பழையபடி கருத்து, ஈரமாக, தழைச் சருகோடு இருந்தது. “நாங்க லட்ச லட்சமா செலவு பண்ணிக் கத்துக்கிட்டது இதுதான்” என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தை உரக்கடைப் பேச்சிலேயே சொல்லிவிடலாம். பயிருக்குப் போடும் சத்துகளில் தழைச்சத்து தண்ணீரில் கரைந்து எளிதில் மண்ணுக்குள் இறங்கிப் போகும். மணிச்சத்தின், அதாவது பாஸ்பரஸின், குணம் வேறு. அது மண்துகளைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் மண் நகர்ந்தால்தான் அதுவும் நகரும். சரிவில் ஓடிவரும் நீர் நெருக்கமான தண்டுகளில் மோதினால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீர் மண்ணைக் கீழே போட்டுவிடுகிறது. மண்ணோடு மணிச்சத்தும் அங்கேயே நின்றுவிடுகிறது. மிச்சத்தில் ஒரு பங்கை வேர்கள் உறிஞ்சுகின்றன. ஓடைக்குள் போவது மண்ணும் சத்தும் வெகுவாகக் குறைந்த தண்ணீர். அந்த எட்டடிப் புல் செய்யும் வேலையைக் கரையில் கட்டும் சிமென்ட் சுவரால் செய்ய முடியாது.

சாயங்காலம் ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரிக்குப் போனோம். கோடை விழாக் காலத்தில் நெரிசலாக இருக்கும் ஊர் அன்று அமைதியாக இருந்தது. படகுத்துறைப் பக்கம் ஆள் நடமாட்டத்தில் தரை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. எதிர்க்கரையில் கோரை. கோரைக்குள் ஒரு மடையான் அசையாமல் நின்றது; சம்பின் நுனியில் தட்டான்கள். பார்க்க வருகிறவர் எல்லோருக்கும் பிடிப்பது தேய்ந்த கரைதான், ஏனென்றால் அங்கிருந்துதான் ஏரி முழுசாகத் தெரியும். ஏரியை உயிரோடு வைத்திருப்பது எதிர்க்கரை.

ஏரி பச்சையாகிப் போவதற்கு என்ன காரணம் என்று உலகத்தில் ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கரியா, தழைச்சத்தா, மணிச்சத்தா? சலவைத்தூள் கம்பெனிகளுக்கும் அதில் அக்கறை இருந்தது, அவர்கள் தூளில் பாஸ்பேட் இருந்ததால். கனடாவின் ஒன்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளர் 1973-இல் 226 என்று எண்ணிட்ட ஒரு சிறு ஏரியின் இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார். இரு பக்கமும் கரிச்சத்தும் தழைச்சத்தும் போட்டார். ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார். அந்தப் பக்கம் பாசி பொங்கிப் பச்சையாயிற்று; மறுபக்கம் தெளிவாகவே கிடந்தது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் எத்தனையோ அறிக்கைகள் செய்யாத வேலையைச் செய்தது. பல நாடுகள் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தியதில் அந்தப் படத்துக்குப் பங்கு உண்டு.

பாசி பொங்கினால் என்ன, பச்சையும் அழகுதானே என்று தோன்றலாம். பகலில் பாசி பிராணவாயுவை விடும். இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். பாசி செத்து அழுகும்போது இன்னும் இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் குளக்கரை ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். சில பாசி வகைகளுக்கு நஞ்சும் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடித்த மாடு சாகவும் கூடும்.

கோல்ஃப் மைதானத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை ஏரிக்கரையில் உட்கார்ந்துதான் அண்ணன் விளக்கினார். குழி இருக்கும் இடத்தைச் சுற்றிய தரைக்குக் கிரீன் என்று பெயர். அங்கே புல்லை 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் வளர விடமாட்டார்கள். பந்து தரையை ஒட்டி உருள வேண்டும். அதற்காக நாள் தவறாமல் வெட்டு. வெட்டி வெட்டிப் புல் இழக்கும் சத்தை ஈடுகட்ட உரம். நோய் வந்தால் மருந்து. அடியில் மணல் போட்டிருப்பதால் தண்ணீர் நிற்காது, தழைச்சத்தும் நிற்காது. மைதானத்தின் மொத்தப் பரப்பில் கிரீன் மிகச் சிறிய பங்குதான். ஆனால் கவனிப்பு, செலவு, மருந்து எல்லாம் அதிகம் விழுவது அங்கே. ஆட்டத்துக்குச் சுவை கூட்ட அந்தக் கிரீன்களைத் தேடித்தேடித் தண்ணீர் ஓரத்தில் அமைத்து வைத்திருப்பார்கள்.

வெப்ப நாடுகளின் மைதானங்களில் பெரும்பாலும் போடுவது நம் அருகம்புல்லின் இனம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வுப்பண்ணையில் அருகையும் ஒரு தென்னாப்பிரிக்க இனத்தையும் கலந்து உருவாக்கி 1960-இல் வெளியிட்ட ‘டிஃப்வே’ உலகம் முழுக்கப் பரவியது. பிள்ளையாருக்குச் சாத்தும் புல், தானாக விட்டால் உரமே கேட்காத புல், மில்லிமீட்டர் கணக்கில் வெட்டினால் பசியெடுத்த பிள்ளையாகிவிடுகிறது.

அந்த அருகுத் தரையிலேயே ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் செயற்கை மழை பெய்யவைத்துச் சோதனைகள் செய்தார்கள். உரம் போட்ட தரைக்குக் கீழே, கொஞ்சம் உயரமாக விட்ட புல்பட்டை ஒன்று இருந்தால் வழிந்தோடும் சத்தும் மருந்தும் குறைகின்றன. ஒரே உயரமாக இல்லாமல், நீரை நெருங்க நெருங்கப் படிப்படியாக உயர்த்தி விட்டால் இன்னும் நல்லது. ஆனால் அவர்கள் கண்ட இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மண் ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்தால் எந்தப் பட்டையும் அவ்வளவாகத் தாங்குவதில்லை, எல்லாம் வழிந்துபோகிறது. நம் ஊருக்கு இதை மாற்றிச் சொன்னால்: வடகிழக்குப் பருவமழை இறங்கும் மாதங்களில் தண்ணீர் ஓரத்துப் புல்லுக்கு உரமே போடக்கூடாது. வானிலை அறிக்கை பார்க்காமல் உரம் தூவுகிற தோட்டக்காரர் தூவுவது புல்லுக்கல்ல, குட்டைக்கு.

“நீ கேட்டா சிரிப்ப, தம்பி. நான் வேலைக்குச் சேந்தப்ப கரை வரைக்கும் மெஷின் ஓட்டுவோம். வெட்டுன புல்லு தண்ணில போய் விழும். பாக்க வழவழன்னு இருக்கும். வெயில் காலத்துல குட்டையில நாத்தம் தாங்காது. அப்புறம்தான் கரையில பதினஞ்சு இருவதடி உட்டோம். ரெண்டு வருசத்துல தாழக்கோழி வந்துடுச்சு.”

நான் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் ஆடுபன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு கோல்ஃப் மைதானங்களுக்கென்று ஒரு சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியதே 1991-இல்தான். அதில் நீர்க்கரைப் பராமரிப்பும் ஒரு பகுதி. அதுவரை பல மைதானங்களில் தண்ணீர் வரை வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அண்ணன் வேலை செய்யும் பெங்களூரை நினைத்ததும் எனக்கு அங்கிருந்த சல்லகட்டா ஏரி ஞாபகம் வந்தது. அது இன்று ஏரி அல்ல, கோல்ஃப் மைதானம். அதற்குக் கீழே உள்ள பெல்லந்தூர் ஏரி 2015-இல் நுரை பொங்கிச் சாலைக்கு வந்தது. பிறகு தீயும் பிடித்தது. அதற்கு நகரத்தின் சாக்கடையும் சலவை நுரையும் காரணம், கோல்ஃப் அல்ல. ஆனாலும் மேலிருக்கும் ஏரி ஒன்று புல்தரையாக மாறினால், கீழிருக்கும் ஏரிக்கு வண்டலையும் வெள்ளத்தையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள ஆளில்லாமல் போகிறது. சென்னையில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்திருக்கிறது. கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. ஓடுபாதைக்கு உள்ளே கோல்ஃப் ஆடிய அந்த நிலத்தில் வெள்ளநீரைத் தாங்கக் குளங்கள் வெட்டினார்கள். புல்தரையாகிப்போன ஏரிக்கும் குளமாகிய புல்தரைக்கும் நடுவே நாற்பது, ஐம்பது ஆண்டு வெள்ள அனுபவம் இருக்கிறது.

ஜவ்வாதில் கோல்ஃப் கிடையாது. கொடைக்கானலில் 1895-இல் வந்தது. ஊட்டியிலும் வெலிங்டனிலும் வெள்ளைக்காரர்களின் கோடை வாசத்தோடு வந்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் புல்லுக்கு முன்னாலேயே ஏரி வந்தது. ஊட்டி ஏரியைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டினார். கொடைக்கானல் ஏரியைக் கலெக்டர் லெவிஞ்ச் 1863-இல் உண்டாக்கினார். இரண்டு ஏரிகளையும் சுற்றி விடுதிகள் பெருகி, கழிவுநீர் சேர்ந்து, ஆகாயத்தாமரையை வாருவது ஓயாத வேலையாகிவிட்டது. ஜவ்வாது இன்னும் அந்த வழியில் வெகுதூரம் போகவில்லை. சனி, ஞாயிறு வண்டிகள் கூடிவருகின்றன. அடிவாரத்தில் லான் போட்ட விடுதிகள் முளைக்கின்றன. இங்கே கரைகளைப் பற்றிப் பேசுவதற்கு இது சரியான நேரம். பத்து வருடம் கழித்துப் பேசினால் ஆகாயத்தாமரை வாரும் இயந்திரத்தின் விலையைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கும்.

மறுநாள் பீமன் அருவியை எட்டிப் பார்த்துவிட்டுக் காவலூர் வந்தோம். 1986-இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அதைத் திட்டமிட்ட வானியலாளர் வைணு பாப்புவின் பெயரையே அதற்கும் ஆய்வகத்துக்கும் வைத்திருக்கிறார்கள். நகர வெளிச்சத்திலிருந்து விலகிய மலை என்றுதான் 1960-களில் இந்த இடத்தைத் தேர்ந்தார்கள். அண்ணன் குவிமாடத்தைப் பார்த்தபடி விடுதிக்காரரிடம் சொல்ல வேண்டியவற்றில் விளக்கையும் சேர்த்துக்கொண்டார். குட்டையோரம் இரவெல்லாம் எரியும் விளக்கு பூச்சியைக் கூட்டும், தவளையைக் குழப்பும். வானத்தைப் பார்ப்பவருக்கும் இடைஞ்சல். தரையைப் பார்த்து எரியும், மூடி போட்ட விளக்கு போதும்.

ஆலங்காயத்துக்கு இறங்கியபோது உச்சி வெயில். விடுதிக்காரர் எங்களை நேரே குட்டைக்கு அழைத்துப்போனார். கரை முழுவதும் மண் திறந்து கிடந்தது. ஓடைப் பக்கம் நான்கு பேர் கோரையையும் நாணலையும் வேரோடு வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஷெட்டில் டி.ஏ.பி. உர மூட்டைகள் இரண்டு.

“மொதல்ல அவங்கள நிறுத்தச் சொல்லுங்க” என்றார் அண்ணன். பிறகுதான் வணக்கம் சொன்னார்.

டி.ஏ.பி.யில் 46 சதவீதம் மணிச்சத்து என்பது உரக் கணக்கு. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் 10 கிலோ. ஒரு லிட்டர் நீரில் 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் தாண்டினாலே ஏரி பச்சையாகத் தொடங்கும் என்று ஏரி ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மூட்டையின் பாஸ்பரஸ் முழுவதும் நீரில் சேர்ந்தால் 33 கோடி லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோகும். அந்தக் குட்டையில் அதில் நூற்றில் ஒரு பங்குத் தண்ணீர்கூட இருக்காது. காகிதத்தை விடுதிக்காரரிடம் நீட்டினேன். வாங்கி, பூஜ்யங்களை எண்ணி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் முளைக்குச்சிகளும் சணலும் கேட்டு வாங்கிக் கரையைச் சுற்றி நடந்தார். நீரோரத்தில் முதல் கோடு: அதற்குள் கோரை, சம்பு, வல்லாரை, பொன்னாங்கண்ணி, வெட்டே கிடையாது. இரண்டாவது கோடு பதினைந்தடி தள்ளி: வெட்டிவேரும் நாட்டுப் புல்லும், வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்த பிறகு மட்டும் அறுக்கலாம், அறுத்ததை மாட்டுக்குக் கொடுக்கலாம். அதற்கும் மேலேதான் லான். அங்கேயும் கரையை நெருங்க நெருங்க இயந்திரத்தின் கத்தியை உயர்த்திக்கொண்டே வரவேண்டும். வெட்டிய புல் குட்டைப் பக்கம் தெறிக்காமல் எதிர்ப்பக்கம் விழும்படி ஓட்டவேண்டும். விளையாட்டுக் கிரீனைக் குட்டையோரத்திலிருந்து எடுத்து மேட்டுக்கு மாற்றச் சொன்னார். அதன் அடியில் போடும் வடிகுழாய் நேரே நீருக்குள் திறக்கக்கூடாது. புல்லும் வெட்டிவேரும் வளர்ந்த ஒரு பள்ளத்துக்குள் திறந்து, மண்ணில் ஊறிப் போகவேண்டும்.

விடுதிக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருக்கு இரண்டு பயம் இருந்தது.

“கொசு வராதுங்களாண்ணே? பாம்பு?”

இரண்டுமே நியாயமான கேள்விகள். குடும்பத்தோடு வந்து தங்குகிறவர்கள் முதலில் கேட்பது அதுதான். கொசு பெரும்பாலும் முட்டையிடுவது மீனில்லாத, தேங்கிய சிறு நீரில்: டயர், தொட்டி, தேங்காய்ச் சிரட்டை, அடைபட்ட கால்வாய். மீனும் தட்டான் குஞ்சுகளும் உள்ள குட்டையில் கொசுப்புழு தப்புவது கடினம். தட்டான் குஞ்சு ஒளிந்து வேட்டையாட நீருக்குள் நிற்கும் தண்டு வேண்டும். கோரையை வெட்டினால் கொசுவுக்குத்தான் லாபம். பாம்பைப் பற்றி அண்ணன் மழுப்பவில்லை. வரும் என்றார். எலியும் தவளையும் இருக்கும் இடத்துக்கு வரத்தான் செய்யும். கரையை மழித்தாலும் சமையலறைக் கழிவு வெளியே கிடந்தால் எலி வரும், அதன் பின்னால் பாம்பும் வரும். கழிவை மூடி வைக்கவேண்டும். புல்பட்டைக்குள் யாரும் கால் வைக்காதபடி, ஓரிடத்தில் மட்டும் நான்கடி அகலத்துக்குக் கல் பாவிய நடை போட்டு, முடிவில் உட்கார ஒரு மேடை கட்டவேண்டும். ஆட்கள் அங்கிருந்து தண்ணீரைப் பார்க்கட்டும்.

ஓடைப் பக்கம் முழுவதையும் விட்டுவிட ஒத்துக்கொண்டார். குட்டையில் சாப்பாட்டுக் கூடத்தின் எதிரே மட்டும் கருங்கல் கரைதான் வேண்டும் என்பதில் அவர் அசையவில்லை. அங்கிருந்து வாடிக்கையாளருக்குத் தண்ணீர் தெரியவேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அது பிடிக்கவில்லை. அண்ணன் அதை ஏற்றுக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: அந்த இடத்தில் தரையின் சரிவைத் திருப்பி, மழைநீர் குட்டைக்குள் விழாமல் வெட்டிவேர்ப் பள்ளத்துக்குப் போகும்படி செய்யவேண்டும். “முப்பதடிதான தம்பி, மத்தது எல்லாம் நமக்கு வந்துடுச்சு” என்று என்னைச் சமாதானப்படுத்தினார்.

வேரோடு வெட்டிப்போட்ட கோரைக் கிழங்குகள் வாடுவதற்குள் அவற்றையே ஓடைக்கரையில் திரும்ப ஊன்றச் சொன்னார். அந்த நான்கு பேரும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பிடுங்கியதை மறுபடி நடத் தொடங்கினார்கள். மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது, முடிவு வரும்வரை எந்த உரமும் வேண்டாம் என்பது கடைசிப் பேச்சு. விடுதிக்காரர் ஷெட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு உரக்கடைக்குப் போன் போட்டு, பிரிக்காத மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டார். கடைக்காரர் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். இன்னொன்றைப் பக்கத்துக் கொல்லைக்காரர் நெல்லுக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாராம். அந்தக் கொல்லை ஓடைக்கு எந்தப் பக்கம் என்று அண்ணன் கேட்டார்.